லைன் போனால் யார் வருவார்? கடைக்கும் பட்டறைக்கும் இணைய இணைப்பு

அத்தியாயம் 7

"அண்ணாச்சி, பக்கத்துக் கடைக்கு 100 எம்பி போட்டிருக்கோம். உங்களுக்கும் அதே ரேட்டுல தர்றோம்."

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ கடை வைத்திருப்பவர் இந்தப் பேச்சை ஒருமுறையாவது கேட்டிருப்பார். கேட்டதும் நம் வாயில் வருவது ஒரே கேள்விதான்: "மாசம் எவ்வளவு?" இந்த அத்தியாயம் அதற்கு முன்னால் வேறொரு கேள்வியை வைக்கச் சொல்கிறது: "லைன் போனா யாரு வருவாங்க, எத்தனை மணி நேரத்துல வருவாங்க?"

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. டெலிபோன் கம்பியில் கீச்சிட்டுக்கொண்டே ஒரு பக்கம் திறக்கப் பல நிமிடம் பிடித்த அந்தக் காலத்தில் வேகம்தான் பெரிய குறை. இன்று தெருவுக்குத் தெரு ஃபைபர் ஓடுகிறது. 100 எம்பிபிஎஸ் தருகிறேன் என்று மூன்று பேர் வந்து நிற்கிறார்கள். வேகத்துக்குப் பஞ்சமில்லை. அறுந்த கம்பியை ஒட்டித்தர ஆள் கிடைப்பதுதான் அரிது. ஆகவே வணிகத்துக்கு இணைப்பு எடுப்பவர் கொடுக்கும் காசில் பெரும்பங்கு வேகத்துக்கு அல்ல, பழுது நீங்கும் நேரத்துக்குத்தான் போக வேண்டும்.

முதலில் உங்கள் கணக்கு

விற்க வருபவர் பிளானிலிருந்து தொடங்குவார். நீங்கள் உங்கள் கல்லாவிலிருந்து தொடங்குங்கள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இணையம் இல்லாவிட்டால் உங்கள் தொழிலில் நின்றுபோகும் வேலைகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள்.

பில் போடுவது, ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றுவது, இ-வே பில் எடுப்பது எல்லாம் மிகக் குறைந்த டேட்டாவில் முடிந்துவிடும். 2 எம்பிபிஎஸ் கூடப் போதும். ஆனால் நேரம் தவறக் கூடாது. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேலும், வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேலும் சரக்கு போனால் இ-வே பில் வேண்டும். அது கையில் வரும்வரை ஏற்றி முடித்த லாரி கேட்டிலேயே நிற்கும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸும் கட்டாயம். இணையம் இல்லாவிட்டால் அவர்களால் பிற வணிகர்களுக்கு முறையான பில்லே போட முடியாது.

வீடியோ அழைப்புக்கு ஆளுக்கு 3 அல்லது 4 எம்பிபிஎஸ் வேண்டும். போவதற்கும் அவ்வளவு, வருவதற்கும் அவ்வளவு.

கேமராதான் சத்தமில்லாமல் டேட்டாவைத் தின்பது. பதிவு உங்கள் கடையிலேயே உள்ள பெட்டியில் நடந்தால் கவலை இல்லை. நீங்கள் வெளியூரிலிருந்து போனில் பார்க்கும்போது மட்டும்தான் லைன் செலவாகும். பதிவு நேராக கிளவுடுக்குப் போனால் கணக்கே வேறு. ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓயாமல் அனுப்பினால் மணிக்கு 0.9 ஜிபி, நாளுக்கு 21.6 ஜிபி, 30 நாளைக்கு 648 ஜிபி. ஐந்து கேமரா என்றால் 3,240 ஜிபி. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சற்று நேரத்தில் தேவைப்படும்.

எம்பி என்றால் எந்த எம்பி?

பிளானில் எழுதியிருப்பது மெகாபிட். உங்கள் கணினியில் கோப்பின் அளவைக் காட்டுவது மெகாபைட். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் லைனில் ஒரு நொடிக்கு இறங்குவது 12.5 மெகாபைட்தான். "100 எம்பி போட்டும் 12தான் காட்டுது" என்று சண்டைக்குப் போக வேண்டாம். அது சரியான அளவுதான்.

இன்னொன்று, ஏற்றும் வேகம். வீட்டில் படம் பார்ப்பவருக்கு இறக்கும் வேகம் முக்கியம். தொழில் செய்பவர் அனுப்பவும் வேண்டும். 500 மெகாபைட் வீடியோவோ வடிவமைப்புக் கோப்போ அனுப்ப, ஏற்றும் வேகம் 20 எம்பிபிஎஸ் இருந்தால் மூன்றரை நிமிடத்துக்குள் முடியும். 2 எம்பிபிஎஸ் என்றால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். "டவுன்லோடு எவ்வளவு, அப்லோடு எவ்வளவு" என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

மூன்று வகை இணைப்பு

முதல் வகை, பகிர்ந்துகொள்ளும் ஃபைபர். பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ தருவதும், நம் ஊர் கேபிள்காரர்கள் தருவதும் பெரும்பாலும் இதுதான். பரவலாக உள்ள ஜிபான் முறையில் ஒரு ஃபைபர் இழையின் கொள்ளளவு சுமார் 2.5 ஜிபிபிஎஸ். அதைப் பிரிப்பான் வைத்து 32 அல்லது 64 பேருக்குப் பிரிக்கிறார்கள். 64 பேரும் ஒரே நேரத்தில் முழுதாக இழுத்தால் ஆளுக்கு 39 எம்பிபிஎஸ்தான் தேறும். எல்லாரும் ஒரே நேரத்தில் இழுப்பதில்லை என்ற துணிச்சலில்தான் 100 எம்பிபிஎஸ் விற்கிறார்கள். பகலில் அந்தத் துணிச்சல் சரிதான். இரவு எட்டு மணிக்குத் தெரு முழுக்கப் படம் பார்க்கும்போது சோதித்துப் பாருங்கள். உங்கள் கடை இரவிலும் திறந்திருந்தால் அந்த நேர வேகம்தான் உங்களுக்கு உண்மையான வேகம்.

இரண்டாவது வகை லீஸ்டு லைன். வாங்கிய வேகம் முழுக்க உங்களுக்கே. ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே அளவு, நிலையான ஐபி முகவரி உண்டு, பழுது எத்தனை மணி நேரத்தில் நீங்கும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதித் தருவார்கள். பகிரும் ஃபைபருக்கு மாத வாடகை நூற்றுக்கணக்கில் என்றால் இதற்கு ஆயிரக்கணக்கில். பல பிரிவுகளை ஒரே மென்பொருளில் கோத்து வைத்திருக்கும் நூற்பாலைகளுக்கும் கல்லூரிகளுக்கும் இது கட்டுப்படியாகும். சாதாரணக் கடைக்கு வேண்டியதில்லை.

மூன்றாவது, சிம் போட்ட 4ஜி அல்லது 5ஜி ரூட்டர். கம்பி வராத இடத்துக்கும், கம்பி அறுந்த நேரத்துக்கும் இதுதான் கை கொடுக்கும். ஆனால் டவரைப் பொதுமக்களோடு பங்கு போட வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஊரே ஆண்டாள் கோயிலைச் சுற்றி நிற்கும். அத்தனை பேர் கையிலும் போன் இருக்கும். அன்று டவரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கிராமப்புறத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் விசாரியுங்கள். பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் பணி டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனத்திடம் உள்ளது. உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் அங்கே லைன் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

விளம்பரத்தில் சின்ன எழுத்தில் இருப்பவை

"அன்லிமிடெட்" என்ற சொல்லுக்கு இந்தத் தொழிலில் எல்லை உண்டு. பல வீட்டு ஃபைபர் பிளான்களில் மாதம் 3,300 ஜிபி தாண்டினால் வேகம் சட்டென்று இறங்கிவிடும். சற்று முன் போட்ட கேமராக் கணக்கைப் பாருங்கள். ஐந்து கேமரா 3,240 ஜிபி. மாதம் முழுக்க மற்ற எல்லா வேலைக்கும் மிச்சம் 60 ஜிபிதான். கிளவுட் கேமரா வைப்பவர் இந்த எல்லையைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

அடுத்து வரி. இணையக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 999 ரூபாய் பிளானுக்குக் கையிலிருந்து போவது 1,178 ரூபாய் 82 காசு. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்து, பில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணில் வந்தால் அந்த 179 ரூபாய் 82 காசை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 2,100 ரூபாய்க்கு மேல் மிச்சம். வீட்டுப் பெயரில் லைன் எடுத்துக் கடையில் ஓட்டினால் இது கிடைக்காது. காம்பொசிஷன் முறையில் வரி கட்டுபவர்களுக்கும் கிடையாது. வீட்டுப் பிளானைக் கடையில் பயன்படுத்துவதைச் சில நிறுவனங்களின் நிபந்தனைகள் அனுமதிப்பதில்லை என்பதையும் படித்துப் பாருங்கள்.

நிலையான ஐபி எல்லாருக்கும் வேண்டாம். கடைக் கணினியில் உள்ள கணக்கு மென்பொருளை வெளியிலிருந்து நேரடியாகத் திறப்பவர்களும், சொந்தமாக சர்வர் வைத்திருப்பவர்களும் மட்டும் கேட்டு வாங்குங்கள். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

ஆறு மாதம், ஒரு வருடம் என்று முன்பணம் கட்டினால் தள்ளுபடி தருவார்கள். முதல் மாதமே கட்டிவிடாதீர்கள். ஒரு மாதம் மாதக் கட்டணத்தில் ஓட்டிப் பாருங்கள். அந்த மாதத்தில் இரண்டு முறையாவது புகார் கொடுத்து, எவ்வளவு நேரத்தில் ஆள் வந்தார் என்று குறித்து வையுங்கள். பிறகு தள்ளுபடியைப் பற்றிப் பேசலாம்.

கம்பி எந்த வழியாக வருகிறது?

இதைக் கேட்பவர் குறைவு. கேட்க வேண்டியவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான்.

பாதாளச் சாக்கடைக்கும் தாமிரபரணிக் குடிநீருக்கும் ராஜபாளையத்துத் தெருக்கள் தோண்டப்பட்ட காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மண்ணுக்குள் போகும் ஃபைபருக்கு ஜேசிபி எமன். 2023 மார்ச்சில் மத்திய அரசு, தோண்டுவதற்கு முன் கேபிள் உரிமையாளருக்குத் தகவல் போகும் 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியைக் கொண்டுவந்தது. தெருவில் தோண்டும் எல்லாரும் அதைத் திறந்து பார்ப்பார்கள் என்று நம்பி நீங்கள் கடை நடத்த முடியாது.

மேலே தொங்கும் கம்பிக்கு வேறு ஆபத்து. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிறோம். தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் தோப்போரம் வரும் கம்பிமேல் ஒரு தென்னை மட்டை விழுந்தால் போதும். தேர் ஓடும் ஊர்களில் தேரோட்டத்துக்காக ரத வீதிகளில் குறுக்கே போகும் கம்பிகளைக் கழற்றுவதும் வழக்கம். ரத வீதியில் கடை இருந்தால், "தேரன்னைக்கு லைனை எப்பக் கழட்டுவீங்க, எப்ப மாட்டுவீங்க?" என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கம்பி அறுந்திருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். ஃபைபர் மோடத்தில் 'லாஸ்' என்று எழுதிய விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் பெரும்பாலும் ஃபைபரில்தான் கோளாறு. எத்தனை முறை மோடத்தை அணைத்துப் போட்டாலும் சரியாகாது, லைன்மேன் வர வேண்டும். அந்த விளக்கு எரியாமல் இணையம் மட்டும் இல்லை என்றால் கோளாறு மோடத்திலோ, நிறுவனத்தின் பக்கமோ, கட்டாத பில்லிலோ இருக்கலாம். போன் செய்யும்போது "நெட் வரல" என்று சொல்வதைவிட "லாஸ் சிவப்பா எரியுது" என்று சொன்னால் லைன்மேன் ஒட்டும் கருவியோடு நேராக வருவார். ஒரு நடை மிச்சம்.

கரண்ட் போனால்

மாதாந்திரப் பராமரிப்பு என்றால் காலை 9 மணி முதல் மாலை வரை மின்சாரம் இருக்காது. உங்கள் கடையில் இன்வெர்ட்டர் இருக்கும், பில் போடும் கணினி ஓடும். மோடத்தை இன்வெர்ட்டர் பிளக்கில் மாட்டியிருக்கிறீர்களா? பலர் மாட்டியிருக்க மாட்டார்கள். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் மோடத்துக்கென்றே விற்கும் 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்தால் சில மணி நேரம் ஓடும்.

அடுத்தது கேபிள்காரரின் பக்கம். ஜிபான் முறையில் வழியில் உள்ள பிரிப்பான்களுக்கு மின்சாரம் தேவையில்லை. பழைய முறையில் தெருவில் சுவிட்சு வைத்து லைன் கொடுப்பவர்களுக்கு, அந்தத் தெருவில் கரண்ட் போனால் உங்கள் லைனும் போகும். "வழியில கரண்ட்ல ஓடுற பெட்டி ஏதாவது இருக்கா? உங்க ஆபீஸ்ல பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?" என்று கேளுங்கள். இதற்குத் தடுமாறாமல் பதில் சொல்பவர் தன் தொழிலைத் தெரிந்தவர்.

மூன்று கடைகள், மூன்று முடிவுகள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடையை எடுத்துக்கொள்வோம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம், வெளியூர் ஆர்டர்களும் வரும். பில், கூரியர் பதிவு, நான்கு கேமரா, பதிவு கடைப் பெட்டியிலேயே. 40 எம்பிபிஎஸ் தாராளம். பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டி பெரும்பாலும் உள்ளே இருக்கும் தன் சிம்மில் ஓடுகிறது. வாடிக்கையாளர் பணம் அனுப்புவதும் அவர் போன் டேட்டாவில்தான். அப்படியானால் ஃபைபர் எதற்கு? கூட்ட நாளில் டவர் திணறும்போது வாடிக்கையாளரின் போன் சுற்றிக்கொண்டே நிற்கும். அப்போது கடையின் வைஃபையில் அவரைச் சேர்த்துவிட்டால் பணம் வந்துவிடும். இதற்கு வாடிக்கையாளருக்கென்று தனி வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் வையுங்கள். பில் கணினி இருக்கும் வைஃபையின் கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

அடுத்தது சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்து அனுப்பும் பட்டறை. டேட்டா தேவை சிறிது, அவசரம் பெரிது. லாரி நிற்கும்போது இ-வே பில் வரவேண்டும். இவருக்கு 100 எம்பிபிஎஸ் லைன் ஒன்றைவிட, சாதாரண ஃபைபர் ஒன்றும் வேறு நிறுவனத்தின் சிம் ரூட்டர் ஒன்றும் சேர்ந்தது நல்லது. இரண்டையும் ஒரே பெட்டியில் மாட்டி, ஒன்று போனால் மற்றது தானாக எடுத்துக்கொள்ளும் ரூட்டர்கள் கிடைக்கின்றன. தறிக் கொட்டகையின் தகரக் கூரையும் இரும்புச் சட்டங்களும் வைஃபையை விழுங்கும். அலுவலக அறையிலிருந்து கொட்டகைக்கு ஒரு கம்பி இழுத்து அங்கே தனி வைஃபைப் பெட்டி வையுங்கள். பெரிய பிளானுக்கு மாறினால் இந்தக் குறை தீராது.

மூன்றாவது, ராஜபாளையத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகம். எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். மாதத்தின் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜிஎஸ்டி தாக்கல் நெருக்கடி. இவருக்கு இரண்டு ஃபைபர் லைன் தேவை. இரண்டும் இரண்டு நிறுவனம் என்றால் மட்டும் போதாது, இரண்டும் வெவ்வேறு கம்பத்தில் வெவ்வேறு தெரு வழியாக வர வேண்டும். ஒரே கம்பத்தில் வந்தால் ஒரே மட்டையில் இரண்டும் போகும்.

புகார் கொடுக்கும் முறை

லைன்மேன் கைப்பேசிக்கு அழைப்பது நட்பு. நிறுவனத்தின் புகார் எண்ணுக்கு அழைத்து டாக்கெட் எண் வாங்குவதுதான் ஆதாரம். இரண்டையும் செய்யுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் கொண்டுவந்த விதிகளின்படி, புகாருக்குத் தீர்வு கிடைக்காவிட்டால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டாக்கெட் எண் இல்லாவிட்டால் இந்தப் படிகள் எதிலும் ஏற முடியாது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைத்தொடர்புப் புகார்களையும் நுகர்வோர் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. ஆனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு. சின்னக் கடைக்காரருக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. பெரிய ஆலைக்கு ஒப்பந்தக் காகிதம்தான் துணை.

அந்தக் காகிதத்தில் "99.5 சதவீத நேரம் லைன் இருக்கும்" என்று எழுதியிருந்தால் மகிழ்வதற்கு முன் கணக்குப் போடுங்கள். 30 நாள் என்பது 720 மணி நேரம். அதில் அரை சதவீதம் 3.6 மணி நேரம். மாதத்துக்கு மூன்றரை மணி நேரம் லைன் இல்லாவிட்டாலும் அவர்கள் சொன்ன சொல் தவறவில்லை. 99 சதவீதம் என்றால் 7 மணி நேரத்துக்கு மேல். எல்லை தாண்டினால் வாடகையில் எவ்வளவு கழிப்பார்கள் என்ற வரியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கையெழுத்துக்கு முன் ஏழு கேள்விகள்

1. லைன் போனால் யார் வருவார்? ஞாயிற்றுக்கிழமை வருவாரா?
2. ஏற்றும் வேகம் எவ்வளவு? எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும்?
3. பில்லில் வரும் பெயர் எந்த நிறுவனம்? என் ஜிஎஸ்டி எண் அதில் வருமா?
4. கம்பி எந்தத் தெரு வழியாக, மண்ணுக்குள்ளா, கம்பத்திலா?
5. கரண்ட் போனால் உங்கள் பக்கம் எத்தனை மணி நேரம் தாங்கும்?
6. மோடம் யாருடையது? லைனை விட்டால் டெபாசிட் திரும்புமா?
7. என் தெருவில் உங்கள் லைன் வைத்திருக்கும் இரண்டு கடைகள் எவை?

ஏழாவது கேள்விக்குப் பதில் கிடைத்ததும் அந்த இரண்டு கடைக்கும் நேரில் போய், கடைசியாக லைன் போனது எப்போது, சரியானது எப்போது என்று விசாரியுங்கள். அவர்கள் சொல்வதை எந்த விளம்பரமும் சொல்லாது.

எல்லாம் முடிந்து லைன் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு வேலை பாக்கி. நிறுவனத்தின் புகார் எண், உங்கள் கணக்கு எண், லைன்மேனின் கைப்பேசி எண் மூன்றையும் ஓர் அட்டையில் பெரிதாக எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டுங்கள். லைன் போகும் நாளில் பெரும்பாலும் நீங்கள் கடையில் இருக்க மாட்டீர்கள்.